விவாதம்: கிதுஷ் மேசையில் ஹெரிங் மீன் – எப்படி ருசிப்பது, ஏன் இவ்வளவு ஆரவாரம்?

வடகரை எழுதியது:

நியூஜெர்சியில் இருக்கிறேன். கூட வேலை பார்க்கும் நண்பர் ஆசாரமான யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அடுத்த சனிக்கிழமை காலை அவர்கள் ஜெப ஆலயத்தில் தொழுகை முடிந்ததும் நடக்கும் கிதுஷ் விருந்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார். "ஹெரிங் சாப்பிடுவாய் அல்லவா?" என்று அவர் கேட்ட தோரணையிலேயே இது ஏதோ பரீட்சை என்று புரிந்துவிட்டது. ஐந்தாறு வகை வைப்பார்களாம். எதில் கொழுப்பு அதிகம், எந்தக் கடைச் சரக்கு, எதோடு சாப்பிடுவது என்று அதைச் சுற்றி நின்று பேசுவதற்கே ஒரு கூட்டம் உண்டாம்.

மீன் நன்றாகச் சாப்பிடுவேன். ஆனால் அடுப்பில் ஏறாத மீன் பழக்கமில்லை. எதிலிருந்து தொடங்க வேண்டும்? முகம் சுளிக்காமல் தப்பிக்க வழி உண்டா? இந்த மீனுக்கு ஏன் இத்தனை மரியாதை என்பதும் தெரிந்தால் நல்லது.

தயிர்சாதம் எழுதியது:

காலை பதினொரு மணிக்கு வேகாத மீனும் விஸ்கியுமா? போய் வந்து உயிரோடு இருந்தால் எழுதுங்கள்.

உப்புக்கண்டம் எழுதியது:

வடகரை, பயப்படாமல் போங்கள். ராட்டர்டாமில் மீன் இறக்குமதிக் கிடங்கில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். ஆண்ட்வெர்ப் யூதக் கடைகளுக்கும் எங்கள் சரக்கு போகும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அது பச்சை மீன் இல்லை. நெருப்பு படவில்லை, அவ்வளவுதான். உப்பில் கிடந்து பக்குவப்பட்டது. மேசையில் நீங்கள் பார்க்கப்போவது ஏறக்குறைய இவையாகத்தான் இருக்கும்.

ஷ்மால்ட்ஸ் ஹெரிங்: நன்றாகக் கொழுத்த மீன். இனப்பெருக்கக் காலத்துக்கு முன்னால் பிடித்து உப்பில் மட்டும் போட்டது. எண்ணெயும் வெங்காயமும் தவிர வேறு எதுவும் இருக்காது. மாட்யஸ்: இந்தப் பெயரில் இரண்டு பண்டங்கள் உலவுகின்றன. ஹாலந்தில் அது சினை பிடிக்காத இளம் மீன், லேசான உப்பு. நீங்கள் இருக்கும் பக்கத்துக் கடைகளில் பெரும்பாலும் இனிப்பும் மசாலாவும் சேர்த்துச் செந்நிறமாக இருப்பதைத்தான் மாட்யஸ் என்பார்கள். அந்தச் சிவப்பு செஞ்சந்தனத் தூளால் வருவது, திடுக்கிட வேண்டாம். அப்புறம் வினிகரில் ஊறியது. அதையே ஒயின் சாஸில் போட்டால் ஒரு வகை, புளித்த க்ரீமில் புரட்டினால் இன்னொரு வகை. கடைசியில் கடுகு, தேன், மிளகாய் என்று புதுசு புதுசாக வருகிற கூட்டம்.

ஷ்மால்ட்ஸிலிருந்து தொடங்குங்கள். வினிகரும் சர்க்கரையும் நாக்கில் ஏறிவிட்டால் அப்புறம் மீனின் ருசி பிடிபடாது. முதல் துண்டை ரொட்டி, வெங்காயம் எதுவும் இல்லாமல் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். கடிப்பதற்கு முன் வெட்டுப்பக்கத்தைப் பாருங்கள். தந்த நிறத்தில், முதுகெலும்பு இருந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் ரோஜா நிறம் ஓடினால் நல்ல மீன். ஓரம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்தால் கொழுப்பு காற்றுப்பட்டுக் காறிவிட்டது என்று அர்த்தம். அதை நாசூக்காக விட்டுவிட்டு அடுத்த தட்டுக்குப் போங்கள்.

வாயில் போட்டதும் மென்று தள்ளாமல் நாக்கால் மேலண்ணத்தில் வைத்து அழுத்துங்கள். முதலில் உப்பு வரும். அது அடங்கும்போது கொழுப்பு உருகி ஒரு மெல்லிய இனிப்பு வரும். எலும்போரத் துண்டு என்றால் கடைசியில் லேசான இரும்பு வாசம் எட்டிப் பார்க்கும். இந்த மூன்றும் வரிசையாக வந்தால் நல்ல ஹெரிங். உப்பு மட்டும் வந்து நின்றுவிட்டால் மெலிந்த மீன். ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்தது என்றால் ஐந்து நிமிடம் பொறுங்கள், கொழுப்பு உறைந்திருந்தால் எதுவும் தெரியாது.

இரண்டாவது துண்டு வெங்காயத்தோடு. மூன்றாவது ரை ரொட்டியோடு. விஸ்கியோ வோட்காவோ அதற்கு அப்புறம் ஒரு மடக்கு. எல்லா வகையையும் தின்றாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நல்ல ஷ்மால்ட்ஸ் ஒன்று கிடைத்தால் மற்றதெல்லாம் அலங்காரம் என்பது என் கட்சி.

சாளைமீன் எழுதியது:

கன்னியாகுமரிப் பக்கத்து ஆள். நம் சாளையும் உல்லமும் இந்த ஹெரிங்கோடு சேர்ந்த கூட்டம்தான், வெள்ளிச் செதில், எண்ணெய்ச் சதை எல்லாம் ஒன்றே. எனக்கு ஒரு சந்தேகம். உப்பு போட்டு வைக்கிறார்கள் என்றால் நம் கருவாடு மாதிரிதானே? அதை ஏன் பொரிக்காமலும் குழம்பு வைக்காமலும் அப்படியே தின்கிறார்கள்?

உப்புக்கண்டம் எழுதியது:

நல்ல கேள்வி. கருவாடு வெயிலில் நீர் வற்றிக் காய்வது. ஹெரிங் காயவே காயாது. மூடிய பீப்பாய்க்குள் தன் உப்புத் தண்ணீரிலேயே மூழ்கிக் கிடக்கும். இவ்வளவு எண்ணெய் உள்ள மீனை அந்தக் குளிர்நாட்டு ஈரக் காற்றில் காயப்போட்டால் காய்வதற்குள் காறிவிடும்.

அடுத்த ரகசியம் வயிற்றில் இருக்கிறது. டச்சுக்காரர்கள் சின்னக் கத்தியால் செவுளையும் குடலில் ஒரு பகுதியையும் ஒரே இழுப்பில் எடுப்பார்கள். கல்லீரலையும் கணையத்தையும் உள்ளேயே விட்டுவிடுவார்கள். கணையத்திலிருந்து கசியும் நொதிகள்தான் உப்புக்குள் கிடக்கும் சதையை மெல்ல மெல்ல மிருதுவாக்குகின்றன. முழுக்கச் சுத்தம் செய்துவிட்டால் உப்பு மீன் கிடைக்கும், இந்த ருசி கிடைக்காது. 14ஆம் நூற்றாண்டில் பீர்ஃப்லீட் என்ற ஊரைச் சேர்ந்த வில்லெம் பூக்கல்ஸோன் கண்டுபிடித்த முறை இது என்று அங்கே பாரம்பரியமாகச் சொல்வார்கள்.

கொழுப்புக் கணக்கும் முக்கியம். இனப்பெருக்கம் முடிந்த ஹெரிங்கில் கொழுப்பு சில சதவீதம்தான் இருக்கும். கோடையில் மிதவையுயிர்களைத் தின்று கொழுத்ததும் 20 சதவீதத்தையும் தாண்டும். ஜூன் மாதம் ஹாலந்தில் வரும் புது ஹெரிங்கில் குறைந்தது 16 சதவீதம் இருந்தால்தான் அந்தப் பெயரிலேயே விற்கலாம். நியூயார்க்கில் 1914-இல் தொடங்கிய ரஸ் அண்ட் டாட்டர்ஸ் என்ற யூதக் கடை ஒவ்வொரு ஜூனிலும் அந்தப் புதுச் சரக்கை வரவழைத்து விழா மாதிரியே நடத்துகிறது. கடையைத் தொடங்கிய ஜோயல் ரஸ் முன்பு தள்ளுவண்டியில் ஹெரிங் விற்றவர். 1930-களில் மூன்று மகள்களையும் பங்குதாரர்களாக்கிக் கடைப் பெயரிலும் மகள்களைச் சேர்த்தார். அந்தக் காலத்தில் பெயர்ப்பலகையில் 'அண்ட் சன்ஸ்'தான் வழக்கம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

டொராண்டோக்காரி எழுதியது:

வணக்கம். பாதர்ஸ்ட் தெருப் பக்கம் ஒரு கோஷர் (யூத உணவு விதிப்படி நடக்கும்) கேட்டரிங் சமையலறையில் வேலை செய்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் எங்களுக்குக் கனக்க வேலை, அதில் பாதி ஹெரிங்தான். உப்புக்கண்டம் அண்ணை மேசையில் தொடங்கினார், நான் வாளியில் தொடங்குகிறேன்.

முழு உப்பு ஹெரிங் வாளியில் வரும். தலையை வெட்டி, குடலை எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் ஓர் இரவு ஊறப் போடுவோம். இரண்டு தரமாவது தண்ணீர் மாற்ற வேண்டும். சிலர் வீட்டில் பாலில் ஊறப் போடுவார்கள், மீன் நல்லாய் மெதுவாகும். ஆனால் எங்கள் சமையலறையில் பால் ஆகாது, ஏன் என்று பிறகு சொல்கிறேன். காலையில் கழுத்துப் பக்கம் தோலை நகத்தால் கிளப்பி வால் வரை இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வரும். முதுகைக் கீறி முள்ளை எடுக்கும்போது சின்ன முள் கொஞ்சம் தங்கும், பரவாயில்லை, அவை உப்பில் மெலிந்து வாயில் தெரியாது. பிறகு ஒன்றரை விரல் அகலத் துண்டுகளாகச் சரித்து வெட்டி, வெள்ளை வெங்காயத்தைத் தாள் போலச் சீவிப் போட்டு, எண்ணெய் ஊற்றுவோம்.

ஆண் மீன் கிடைத்தால் எங்கள் தலைமைச் சமையல்காரி விட மாட்டா. எண்பது வயசு, பெற்றோர் லித்துவேனியா. வயிற்றில் இருக்கும் வெள்ளை விந்துப் பையைத் தனியாக எடுத்துச் சல்லடையில் தேய்த்து, வினிகரும் கொஞ்சம் சர்க்கரையும் விட்டு அடித்தால் க்ரீம் போலத் திரளும். அதில் வெங்காயம், பிரியாணி இலை போட்டு மீனை ஊறவைப்பா. பால் ஒரு சொட்டு இல்லை, ஆனால் க்ரீம் சாஸ்! இறைச்சி விருந்துக்கும் வைக்கலாம். இப்போது இதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு, ஏனென்றால் எல்லோரும் சுத்தம் செய்த துண்டுகளைத்தான் வாங்குகிறார்கள்.

வடகரை, உங்கள் மேசையில் நறுக்கிய ஹெரிங்கும் இருக்கும். ஹெரிங், அவித்த முட்டை, புளிப்பு ஆப்பிள், வெங்காயம், வினிகரில் நனைத்த ரொட்டி எல்லாம் சேர்த்துக் கொத்துவது. முதன்முதல் சாப்பிடுகிறவருக்கு அதுதான் சுகம்.

தயிர்சாதம் எழுதியது:

தொழில்நுட்பமாகக் கேட்கிறேன், கிண்டல் இல்லை. பாலும் இறைச்சியும் சேராது என்று தெரியும். மீன் எந்தப் பக்கம்?

டொராண்டோக்காரி எழுதியது:

இரண்டு பக்கமும் இல்லை. பார்வே என்று நடுவில் நிற்கும் வகை, முட்டை, காய்கறி எல்லாம் அதில்தான். அதனால் ஹெரிங்கை க்ரீமிலும் போடலாம், இறைச்சி விருந்துக்கு முன்னாலும் வைக்கலாம். ஆனால் க்ரீமில் போட்ட நிமிடத்திலிருந்து அது பால் பக்கம் போய்விடும், பிறகு இறைச்சி மேசைக்கு வரக்கூடாது. எங்கள் சமையலறை இறைச்சிச் சமையலறை, அதுதான் பாலில் ஊறப் போடுவதில்லை.

இன்னொன்று, மீனையும் இறைச்சியையும் ஒரே தட்டில் சேர்த்து உண்பதில்லை. நடுவில் ஏதாவது குடித்து, ஒரு வாய் ரொட்டி தின்று, கரண்டி மாற்றுவார்கள். ஸெஃபார்டி (ஸ்பெயின் வழிவந்த) யூதர்களில் சிலர் மீனையும் பாலையும் கூடச் சேர்க்க மாட்டார்கள். அவர்கள் வீட்டில் க்ரீம் ஹெரிங்கைத் தேடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஏன் இந்த மீன் என்ற கேள்வியை யாரும் தொடவில்லை. நான் தொடுகிறேன்.

லேவியராகமம் 11ஆம் அதிகாரப்படி துடுப்பும் செதிலும் உள்ள மீன்தான் உண்ணத்தக்கது. ஹெரிங்குக்கு இரண்டும் உண்டு. ஆடு, கோழி மாதிரி மீனைச் சடங்கு முறைப்படி அறுக்க வேண்டியதும் இல்லை, இரத்தம் வடிக்க வேண்டியதும் இல்லை. அதாவது யார் பிடித்தாலும் சரி. கடலே பார்க்காத லித்துவேனிய, போலந்துக் கிராமத்து யூதருக்கு ஸ்காட்லாந்துக் கிறிஸ்தவர் பிடித்து உப்பிட்ட மீன் தடையில்லாமல் வந்து சேர்ந்தது இதனால்தான்.

அந்த வியாபாரத்தின் அளவைப் பாருங்கள். 1907-இல் மட்டும் ஸ்காட்லாந்திலிருந்து ஏறக்குறைய 25 லட்சம் பீப்பாய் உப்பு ஹெரிங் ஏற்றுமதியானது. ஜெர்மனியும் கிழக்கு ஐரோப்பாவும் ரஷ்யாவும்தான் முக்கியச் சந்தை. வடக்கே ஷெட்லாண்ட் தீவுகளிலிருந்து தெற்கே இங்கிலாந்தின் யார்மத் வரை மீன் கூட்டம் நகர நகர, அதைப் பின்தொடர்ந்து ஊர் ஊராகப் போய்க் குடல் எடுத்துப் பீப்பாயில் அடுக்கியவர்கள் பெண்கள். மூன்று பேர் ஒரு குழு, இருவர் வெட்ட ஒருவர் அடுக்குவார். விரலில் கத்தியும் உப்பும் படாமல் இருக்கத் துணி சுற்றிக்கொள்வார்கள். பீப்பாய்கள் பால்டிக் கடற்கரையில் ஸ்டெட்டின், டான்ட்ஸிக், கோனிக்ஸ்பெர்க் துறைமுகங்களில் இறங்கும். அங்கிருந்து ரயிலேறி உள்நாட்டுக்குப் போகும். இந்த இரண்டாம் கட்ட வியாபாரத்தில் யூதர்கள் பெரும் பங்கு வகித்தார்கள். ஓவியர் மார்க் ஷகாலின் அப்பா வித்தெப்ஸ்கில் ஒரு ஹெரிங் வியாபாரியிடம் பீப்பாய் தூக்கும் வேலை பார்த்தவர். ஷகால் ஓவியங்களில் பறக்கும் மீனைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கூலிக்காரத் தகப்பன்தான் என் ஞாபகத்துக்கு வருவார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அங்கே ஹெரிங் விருந்துப் பண்டமாக இருக்கவில்லை. குளத்துக் கெண்டை மீன்தான் சபாத்துக்கு, அதாவது சனிக்கிழமை ஓய்வுநாளுக்கு. ஹெரிங் வார நாளுக்கு, ஏழைக்கு. அவித்த உருளைக்கிழங்கு ஒரு சட்டி, நடுவில் ஒரே ஒரு ஹெரிங், சுற்றிலும் ஆறேழு பேர். மீன் வாங்கக் காசில்லாத வாரம் பீப்பாயின் உப்புத் தண்ணீரைக் கேட்டு வாங்கி வந்து கிழங்கின் மேல் ஊற்றிக்கொள்வார்கள். இவ்வளவு உப்பான மீனைக் கொஞ்சூண்டு கடித்துக்கொண்டு நிறைய ரொட்டி தின்னும் பழக்கம் இந்த வறுமையிலிருந்து வந்தது. உப்புக்கண்டம் சொன்னாரே, தனியாக ஒரு துண்டை நாக்கில் வைத்து ரசிப்பது, அது அந்தக் குடும்பங்களில் யாருக்கும் வாய்த்திருக்காது.

முதல் உலகப் போரும் ரஷ்யப் புரட்சியும் அந்தச் சந்தையை உடைத்தன. அந்த ஊர்களில் இதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் 1941-க்கும் 1945-க்கும் நடுவில் நாஜிப் படுகொலையில் கொல்லப்பட்டார்கள். நியூயார்க்கிலும் டொராண்டோவிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் இன்றைக்கு இது சனிக்கிழமை மேசைக்கு ஏறியிருக்கிறது என்றால் அதில் ருசியோடு இழந்த ஊர்களின் ஏக்கமும் கலந்திருக்கிறது. கொழுப்புச் சதவீதம் மட்டும் பேசினால் போதாது.

உப்புக்கண்டம் எழுதியது:

கணக்குப்பிள்ளை ஐயா, வரலாறு நன்றாக இருக்கிறது. ஆனால் ஏழை ரசித்திருக்க மாட்டான் என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. ஆறு பேருக்கு ஒரு மீன் என்றால் வால் துண்டு யாருக்கு, நடுத்துண்டு யாருக்கு, சினை யாருக்கு என்று அந்த வீட்டுக் குழந்தைக்கு அத்துப்படி. கொழுத்த மீனுக்கும் மெலிந்த மீனுக்கும் வித்தியாசம் தெரியாமலா பீப்பாய்க்குள் கையை விட்டுப் பொறுக்கி வாங்கினார்கள்?

சபாத்துக்கு ஏறியதற்கு ஏக்கம் மட்டும் காரணம் இல்லை. அன்றைக்கு அடுப்பு மூட்டக்கூடாது. தொழுகை முடிந்ததும் நூறு பேருக்கு உடனே ஏதாவது கொடுத்தாக வேண்டும். குளிர்ந்தே சாப்பிடும் பண்டம், இறைச்சிச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்கக்கூடியது, விலையும் அதிகம் இல்லை. வேறு எதைத்தான் வைப்பார்கள்?

ஆய்வுக்கூடம் எழுதியது:

இஸ்ரேலில், ரெஹோவோத்தில் ஆராய்ச்சி மாணவன். இந்த இழையில் 'யூதர்கள்' என்று பொதுவாகப் போகிறது, ஒரு திருத்தம். ஹெரிங் அஷ்கெனாசி யூதர்களின், அதாவது கிழக்கு, மத்திய ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களின் பண்டம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் மொராக்கோ வம்சாவளி நண்பர் ஒருவர் ஹெரிங் தட்டைக் கண்டால் ஜன்னலைத் திறந்துவிடுவார். இஸ்தான்புல் யூதர்களுக்கு உப்பிட்ட சூரை வகை மீன் உண்டு, லகெர்டா என்று பெயர். கொச்சி யூதர்களைக் கேட்கவே வேண்டாம், அவர்களுடையது கேரள மசாலா மீன்.

இங்கே ஹெரிங் மறுபடி செல்வாக்கு பெற்றதில் 1990-களில் சோவியத் நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குப் பங்கு உண்டு. அவர்கள் கடைகளில் ஹெரிங்குக்குத் தனிக் குளிர்ப்பெட்டியே இருக்கும். ஹெரிங்கை அடியில் பரப்பி, மேலே உருளைக்கிழங்கு, காரட், மயோனெய்ஸ், உச்சியில் பீட்ரூட் என்று அடுக்கி அடுக்கிச் செய்யும் சாலட் ஒன்று உண்டு, டிசம்பர் 31 இரவு அது இல்லாமல் அவர்களுக்கு வருடம் பிறக்காது. நிறத்தைப் பார்த்து கேக் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள்.

வடகரைக்கு ஒரு சுவாரசியம். சாப்பிடும் முன் ஆசீர்வாதம் சொல்வார்கள், கவனியுங்கள். ரொட்டி இருந்தால் ரொட்டிக்குச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் அதில் அடங்கிவிடும் என்பது பொது விதி. ஆனால் ஏறக்குறைய கி.பி. 200-இல் தொகுத்த மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பில், பெராகோத் 6:7-இல், ஒரு விதிவிலக்கு வருகிறது. உப்பிட்ட பண்டத்தை முதலில் கொண்டுவந்து கூடவே ரொட்டியையும் வைத்தால், உப்புப் பண்டத்துக்கு ஆசீர்வாதம் சொன்னால் போதும், ரொட்டி அதற்குத் துணைதான். எது பிரதானமோ அதற்குச் சொன்னால் துணைக்கும் சேர்ந்துவிடும். பிற்காலச் சட்ட அறிஞர்கள் ஹெரிங்கையும் சாராயத்தையும் வைத்து இதை அலசியிருக்கிறார்கள். உப்பின் கடுமையைத் தணிக்க மட்டும் ரொட்டியைக் கடித்தால் ஒரு சட்டம், ரொட்டியையும் ஆசைப்பட்டுத் தின்றால் வேறு சட்டம். ஹெரிங்கைச் சர்க்கரை தூவிய கிஹெல் பிஸ்கட்டின் மேல் வைத்துக்கொண்டு எது பிரதானம் என்று உங்கள் நண்பரிடம் கேளுங்கள். அரை மணி நேரம் ஓடிவிடும், உங்கள் தட்டை யாரும் பார்க்க மாட்டார்கள்.

தயிர்சாதம் எழுதியது:

மீனே இல்லாமல் நான் இந்த இழைக்கு அடிமையாகிவிட்டேன். மிளகாய், தேன் வகைகளை உப்புக்கண்டம் அலங்காரம் என்று தள்ளிவிட்டாரே, யாரும் சண்டைக்கு வரவில்லையா?

டொராண்டோக்காரி எழுதியது:

நான் வருகிறேன். எங்கள் சமையலறையில் முதலில் காலியாவது ஹலபெனோ மிளகாய் போட்ட மாட்யஸ். எண்ணெய் வெங்காயம் மட்டும் போட்டது கிழவர்களுக்குத்தான் மிஞ்சும். இளம் ஹசிடிக் (ஆசாரமான ஒரு யூதப் பிரிவு) பொடியன்கள் டெரியாக்கி, கடுகுத்தேன் என்று கேட்டு வாங்குகிறார்கள். ப்ரூக்ளினில் இருந்து வந்த மோகம் இது. அவர்கள் ஹெரிங் தின்பதே இதனால்தான் என்றால் என்ன பிழை?

இனிப்பு புதுசு என்றும் நினைக்க வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் போலந்தில் பீட் சர்க்கரை ஆலைகள் பெருகிய பிறகு அங்கே யூத வீட்டு மீனுக்குச் சர்க்கரை ஏறியது. லித்துவேனியாக்காரர் மிளகும் உப்பும்தான் சரி என்று இன்று வரை மூக்கைச் சுளிக்கிறார்கள். ஆனால் தென்னாப்பிரிக்க யூதர்களில் பெரும்பாலோர் லித்துவேனியாவிலிருந்து போனவர்கள், அவர்கள் நறுக்கிய ஹெரிங் எப்படித் தெரியுமா? மேரி பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டு, சர்க்கரையும் போட்டு, சர்க்கரை பூசிய கிஹெலின் மேல் வைத்துத் தின்பார்கள். ஊர் மாறினால் வாய் மாறும், அவ்வளவுதான்.

உப்புக்கண்டம் எழுதியது:

தங்கச்சி, இனிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் புகார் வியாபாரப் புகார். எண்ணெயில் போட்ட ஹெரிங்கில் மீனின் குற்றம் ஒளிய முடியாது. மெலிந்ததா, காறியதா, உப்பு சரியாக இறங்கவில்லையா, எல்லாம் முதல் கடியிலேயே தெரிந்துவிடும். மிளகாய் சாஸுக்குள் போகும் மீனில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை. கேட்காவிட்டால் எந்தச் சரக்கை அதில் தள்ளுவார்கள் என்று கிடங்கில் இருந்தவனுக்குத் தெரியும்.

டொராண்டோக்காரி எழுதியது:

எங்கள் கிழவி அதே மீனைத்தான் எல்லா டப்பாவிலும் போடுவா அண்ணை. மெலிந்த மீன் வந்தால் வாளியோடு திருப்பி அனுப்புவா. குற்றம் சாஸில் இல்லை, வாங்குகிற ஆளில்.

சாளைமீன் எழுதியது:

இவ்வளவு தின்றால் கடலில் மிச்சம் இருக்கிறதா?

உப்புக்கண்டம் எழுதியது:

ஒரு தடவை முடியும் நிலைக்கு வந்தது. அளவுக்கு மீறிப் பிடித்ததால் 1977-இல் வட கடலில் ஹெரிங் பிடிப்பதையே நிறுத்தினார்கள். மீன் பெருகிய பிறகு 1980-களின் தொடக்கத்தில்தான் திறந்தார்கள். இப்போது ஆண்டுதோறும் அளவு வைத்துப் பிடிக்கிறார்கள்.

மருந்துக்கடை எழுதியது:

நடுவில் புகுந்து கசப்பு மருந்து கொடுக்கிறேன், மன்னிக்கவும். ஒன்று, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இரண்டு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எவ்வளவு ஊறவைத்தாலும் உப்பு உப்புதான். இரண்டு, மனச்சோர்வுக்குப் பழைய எம்.ஏ.ஓ. தடுப்பு வகை மாத்திரை எடுப்பவர்கள் ஊறவைத்த ஹெரிங்கைத் தொடவே கூடாது. அதில் டைரமின் என்ற வேதிப்பொருள் அதிகம், இரத்த அழுத்தம் திடீரென்று ஏறிவிடும். மூன்று, லேசாக உப்பிட்ட மீனில் அனிசாகிஸ் என்ற புழு இருக்கலாம். 1960-களில் ஹாலந்தில் இதனால் பலர் நோயுற்ற பிறகுதான் –20 டிகிரியில் 24 மணி நேரமாவது உறையவைக்க வேண்டும் என்று விதி வந்தது. கடையில் விற்பது அப்படி உறையவைத்ததுதான், கவலை இல்லை. மீன்பிடிக்கப் போன நண்பர் கொடுத்தார் என்று வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மாத்திரைக்குப் பிறகு ஒரு விடுகதை. கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் மிகப் பழசு, ஹெரிங் மேசையில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்.

"பச்சை நிறமாக இருக்கும், சுவரில் தொங்கும், விசில் அடிக்கும், அது என்ன?"

"தெரியவில்லையே."

"ஹெரிங்!"

"ஹெரிங் எப்படிப் பச்சையாக இருக்கும்?"

"பச்சைச் சாயம் அடித்துக்கொள்."

"சுவரில் தொங்காதே?"

"ஆணி அடித்து மாட்டு."

"சரி, விசில் அடிக்காதே?"

"அடிக்காது. சும்மா விடுகதை கஷ்டமாக இருக்கட்டும் என்று சேர்த்தேன்."

வடகரை, இதைத் தெரியாத மாதிரி கேட்டுக்கொண்டு கடைசி வரியில் சிரித்தால் போதும், அடுத்த வாரமும் அழைப்பு வரும்.

மட்டுறுத்துநர்:

இழையை 'உணவு – வெளிநாடு' பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். மருந்து பற்றிய கேள்விகளுக்குத் தனி இழை திறக்கவும்.

வடகரை எழுதியது:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஷ்மால்ட்ஸ் முதலில், மிளகாய் கடைசியில், கேக் மாதிரி இருந்தால் விசாரித்துவிட்டு. இன்னும் ஒன்றே ஒன்று. வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருக்கிறது. நானே ஒரு ஹெரிங் டப்பா வாங்கிக்கொண்டு போகலாமா?

டொராண்டோக்காரி எழுதியது:

ஹெரிங் மட்டும் வேண்டாம்! தோல் உரித்த மீன் என்றால் எந்த மீன் என்று செதில் பார்த்துச் சொல்ல முடியாது, அதனால் கோஷர் முத்திரை கட்டாயம் வேண்டும். எந்த முத்திரையை அவர்கள் ஏற்பார்கள் என்பது வேறு கதை. அதோடு சனிக்கிழமை பொருளைத் தூக்கிக்கொண்டு வெளியே நடப்பதிலும் அவர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. எதுவானாலும் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் நண்பர் வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

ஆய்வுக்கூடம் எழுதியது:

சீல் உடைக்காத ஸ்காட்ச் பாட்டில் கொடுங்கள், ஹெரிங்குக்குப் பக்கத்திலேயே இடம் கிடைக்கும். ஒயின் என்றால் கோஷர் முத்திரை இல்லாமல் ஆகாது. விஸ்கியிலும் லேபிளைப் படித்து வாங்குங்கள். ஷெர்ரி ஒயின் பீப்பாயில் ஊறிய விஸ்கி ஆகுமா ஆகாதா என்று அவர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. அதை இங்கே ஆரம்பித்தால் மட்டுறுத்துநர் இன்னொரு பகுதிக்கு மாற்ற வேண்டியிருக்கும்.